கரைய வேண்டிய இடத்தில் கரையும் பொடி

ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வந்திருந்தார். நான் தயாரித்திருந்த ஹைட்ராக்சி அபடைட் பொடியை ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் போட்டு அவரிடம் கொடுத்தேன். துகள்களின் அளவு 30 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றும், வேறு கலப்பு எதுவும் இல்லை என்றும், எலும்பில் இருக்கும் கனிமமும் இதுவும் ஒன்றுதான் என்றும் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்து, பொடி கண்ணாடிச் சுவரில் மாவுபோல் ஒட்டி நிற்பதைச் சிறிது நேரம் பார்த்தார்.

“எல்லாம் சரி தம்பி, உள்ளே வைத்துவிட்டால் இது எத்தனை மாதத்தில் கரையும்?” என்று கேட்டார்.

“அதை இன்னும் அளக்கவில்லை, டாக்டர்.”

“எனக்கு வேண்டியது அந்த ஒரு கணக்குதான்” என்று சொல்லிவிட்டுக் குப்பியை மேசையில் வைத்தார்.

அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. எலும்பு, பல், செயற்கை மூட்டு, மருந்து, மரபணு என்று இந்தப் பொருள் மருத்துவத்தில் நுழைந்திருக்கும் இடங்கள் பல. அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல் தோன்றும். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் ‘இது எப்போது கரையும், எங்கே கரையும், எவ்வளவு வேகமாகக் கரையும்’ என்று கேட்டுப் பார்த்தால், ஏன் அந்த இடத்தில் அது பயன்படுகிறது, ஏன் சில இடங்களில் தோற்கிறது என்பது விளங்கிவிடுகிறது. இந்தத் துறையில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் துகளின் அளவைத்தான் பெருமையாகச் சொல்கின்றன. அளவு முக்கியம்தான்; ஆனால் அது கரைதலின் வழியாகத்தான் உடலுக்குள் பேசுகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராக்சி அபடைட் என்பது பத்து கால்சியம் அயனிகளும் ஆறு பாஸ்பேட் தொகுதிகளும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் அறுகோணப் படிகமாக அடுக்கப்பட்ட ஒரு கால்சியம் பாஸ்பேட். அதில் கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் 1.67. ‘அபடைட்’ என்ற பெயரை ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் 1786-ல் வைத்தார். ‘ஏமாற்றுதல்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். வேறு கனிமங்களாகத் தவறாக அடையாளம் காணப்பட்டுக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர் பொருந்தியது. ஆய்வகத்தில் அதைத் தயாரித்தவர்கள் யாரும் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதி பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமும் நீரும். 1926-ல் டி யோங் எக்ஸ்-கதிர் கொண்டு எலும்பை ஆராய்ந்து, அதிலுள்ள கனிமம் அபடைட் வகையைச் சேர்ந்தது என்று காட்டினார். ஆனால் எலும்பில் இருப்பது பாடநூலில் வரைந்து காட்டும் தூய ஹைட்ராக்சி அபடைட் அல்ல. அதில் பாஸ்பேட் இருக்க வேண்டிய சில இடங்களில் கார்பனேட் உட்கார்ந்திருக்கிறது. எடையில் அது 4 முதல் 8 சதவீதம் வரை வரும். கொஞ்சம் மெக்னீசியமும் சோடியமும் உண்டு. சில இடங்களில் கால்சியமே இல்லாமல் வெற்றிடம் இருக்கிறது. படிகங்களோ மிகச் சிறியவை: சில நானோமீட்டர் தடிமனும் சில பத்து நானோமீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய தகடுகள், கொலாஜன் இழைகளின் இடைவெளிகளுக்குள்ளும் அவற்றைச் சுற்றியும் அடுக்கப்பட்டிருக்கின்றன. படிக இயலில் இவற்றைக் குறைகள் என்பார்கள். உடலுக்கு இவைதாம் வசதி. கார்பனேட்டும் வெற்றிடங்களும் சிறிய அளவும் சேர்ந்துதான் அந்தக் கனிமத்தை எளிதில் கரையக்கூடியதாக வைத்திருக்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது என்றால், கரையாத கனிமத்தைக் கொண்டு அதைச் செய்திருக்க முடியாது.

இந்த வேலையைச் செய்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் எலும்பரிக்கும் செல்கள். ஒரு செல் எலும்பின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் ஒட்டி உட்கார்ந்து, விளிம்புகளை இறுக்கி மூடிக்கொண்டு, அடியில் அடைபட்ட அந்தச் சிறு இடத்துக்குள் அமிலத்தைச் சுரக்கிறது. அங்கே பிஹெச் மதிப்பு 4.5 வரை இறங்குகிறது. இரத்தத்தின் 7.4-இல் கல்லாக இருக்கும் கனிமம் அங்கே கரைந்துவிடுகிறது. பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் எலும்பாக்கும் செல்கள் வந்து பள்ளத்தை நிரப்புகின்றன. இந்தக் கனிமத்தை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் எவரும் இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நடுநிலையில் நிலைத்திருப்பதும் அமிலத்தில் கரைவதுமான ஒரே குணம்தான் மீதிக் கதை முழுவதும்.

தயாரிப்பு முறை பார்ப்பதற்கு மிக எளிது. கால்சியம் நைட்ரேட் கரைசலை அம்மோனியா சேர்த்து பிஹெச் 10-க்கு மேல் ஏற்றி, கலக்கியின் மேல் வைத்து, டையம்மோனியம் பாஸ்பேட் கரைசலை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு வெண்மேகம் தோன்றி மறையும். சிறிது நேரத்தில் பீக்கர் முழுவதும் பால்போல் ஆகிவிடும். இரவு முழுவதும் கலக்கி, கழுவி, உலர்த்தினால் நானோ துகள்கள் கையில். முதல்முறை செய்தபோது, எலும்பில் இருக்கும் பொருளை ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒரே இரவில் உண்டாக்கிவிட்டேன் என்று எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

ஏமாற்றம் பிறகு வந்தது. ஒரு முறை பீக்கரைச் சரியாக மூடாமல் இரவு விட்டுவிட்டுப் போனேன். அம்மோனியா ஆவியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் வந்தபோது ஆய்வகத்தில் வழக்கமான நெடி இல்லை. பிஹெச் 8-க்கு அருகில் இறங்கியிருந்தது. வீழ்படிவின் நிறமும் தோற்றமும் வழக்கம்போலவே இருந்தன. எக்ஸ்-கதிர் சோதனையிலும் அகன்ற, மங்கலான அபடைட் முகடுகள்தாம் தெரிந்தன. நல்ல தொகுதி என்று முடிவு செய்து, 900 டிகிரி செல்சியஸில் சுட்டு, செல் வளர்க்கும் தோழியிடம் கொடுத்தேன். அவருடைய தட்டுகளில் முந்தைய தொகுதிகளில் காணாத முடிவுகள் வந்தன. செல்கள் வளரும் திரவமான ஊடகத்தில் கால்சியம் அளவு மாறிக்கொண்டே இருந்தது. பல வாரங்கள் இருவரும் செல்களைச் சந்தேகித்தோம், ஊடகத்தைச் சந்தேகித்தோம். கடைசியில் சுட்ட பொடியை மறுபடி எக்ஸ்-கதிர் கருவியில் வைத்தபோது, 31.8 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டிய முகட்டுக்குப் பக்கத்தில், 31.0 டிகிரியில் இன்னொரு கூரிய முகடு நின்றது. அது பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட். பிஹெச் இறங்கியதால் கால்சியம் குறைவான அபடைட் உருவாகியிருக்கிறது. சூட்டில் அதன் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிட்டது. அந்தப் பொருள் ஹைட்ராக்சி அபடைட்டைவிட வேகமாகக் கரையும். ஒரு பீக்கரின் மூடி கரைதல் வேகத்தை மாற்றியது, கரைதல் வேகம் செல்களின் நடத்தையை மாற்றியது. ‘ஹைட்ராக்சி அபடைட் நானோ துகள்’ என்ற பெயரை மட்டும் ஒரு கட்டுரையில் பார்த்து அதன் முடிவை நம்புவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். கால்சிய விகிதம் என்ன, கார்பனேட் எவ்வளவு, எந்த வடிவம், எந்தச் சூடு என்று தேடாமல் அடுத்த பத்திக்குப் போவதில்லை.

நானோ அளவு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கனிமத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.16 கிராம். 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக ஒரு கிராம் பொடி இருந்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே ஒரு கிராம் 20 நானோமீட்டர் உருண்டைகளாக இருந்தால் 95 சதுர மீட்டர். கரைவது மேற்பரப்பில்தான், புரதம் ஒட்டுவதும் மேற்பரப்பில்தான், மருந்து ஏறி உட்காருவதும் அங்கேதான். ஆகவே நூறு மடங்கு மேற்பரப்பு என்பது நூறு மடங்கு உரையாடல்.

புரதங்கள் இதன் மேல் ஒட்டும் என்பது நானோ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே தெரிந்த செய்தி. ஸ்வீடனின் டிசேலியஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956-ல் ஹைட்ராக்சி அபடைட்டைக் குழாயில் நிரப்பி, அதன் வழியாகப் புரதக் கரைசலைச் செலுத்திப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். புரதத்தின் அமிலப் பகுதிகள் கால்சிய இடங்களையும், காரப் பகுதிகள் பாஸ்பேட் இடங்களையும் பிடித்துக்கொள்கின்றன. நோய் எதிர்ப்பு மருந்துகளாகப் பயன்படும் ஒற்றைப்படி எதிர்ப்புரதங்களை (மோனோகுளோனல் ஆன்டிபாடி) தூய்மையாக்க இன்றும் பீங்கான் வடிவில் இதே கனிமம் தொழிற்சாலைகளில் பயன்படுகிறது. உடலுக்குள் வைக்கும்போதும் முதலில் நடப்பது இதுவே. துகளின் மேல் சில விநாடிகளில் புரதப் படலம் ஒன்று படிந்துவிடுகிறது. செல் வந்து தொடுவது அந்தப் படலத்தைத்தான். 2000-ம் ஆண்டு வாக்கில் வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும், நானோ அளவு மணிகளால் ஆன பீங்கான் பரப்புகளில் எலும்பாக்கும் செல்கள் பெரிய மணிகளால் ஆன பரப்புகளில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்கின்றன என்று காட்டியபோது, அதற்குக் காரணமாகச் சுட்டியதும் பரப்பில் படியும் புரதங்களின் அளவையும் நிலையையும்தான்.

இனி மருத்துவரின் கேள்விக்கு வருகிறேன். எலும்பில் ஒரு கட்டியை அகற்றிய பள்ளமோ, பல் பிடுங்கிய தாடைக் குழியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறந்த நிரப்பு நோயாளியின் சொந்த எலும்புதான். இடுப்பிலிருந்து எடுத்து வைப்பார்கள். ஆனால் எடுத்த இடத்தில் வலி இருக்கும், எடுக்கும் அளவுக்கும் எல்லை உண்டு. அதனால் செயற்கை நிரப்பு தேவைப்படுகிறது. நெருக்கமாகச் சுட்ட ஹைட்ராக்சி அபடைட் கட்டிகளை வைத்தால் எலும்பு அவற்றோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும், இடையில் நார்த்திசு வராது. ஆனால் அவை பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். எலும்புக்குள் ஒரு பீங்கான் துண்டு. எலும்பைவிட விறைப்பானது, ஆனால் எளிதில் நொறுங்குவது. மறுபக்கம், டிரைகால்சியம் பாஸ்பேட்டை மட்டும் வைத்தால், புதிய எலும்பு வந்து சேர்வதற்கு முன்பே கரைந்து பள்ளத்தை வெறுமையாக விட்டுவிடக்கூடும். இரண்டையும் கலந்து, பெரும்பாலும் 60-க்கு 40 என்ற விகிதத்தில், செய்வது ஒரு வழி. ஒன்று கரைந்து இடம் கொடுக்க, மற்றது தாங்கி நிற்கும். என்னைத் தலைகுனிய வைத்த அந்தக் கலப்படத் தொகுதி, அளவறிந்து செய்யப்பட்டால் ஒரு நல்ல மருத்துவப் பொருள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நானோ படிகங்கள் இன்னொரு வழியைத் திறக்கின்றன. சுடாமல், நீரோடு குழைத்த பசையாகவே ஊசிக் குழாயிலிருந்து பள்ளத்துக்குள் செலுத்தலாம். படிகங்கள் எலும்பின் படிகங்களை ஒத்த அளவில் இருப்பதால் எலும்பரிக்கும் செல்கள் அவற்றைச் சொந்தக் கனிமம்போலவே கரைத்து எடுத்துச் செல்கின்றன. பசைக்கு வலிமை இல்லை என்பது உண்மை. பாரம் தாங்கும் இடத்தில் தகடும் திருகும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். வலிமை வேண்டும் என்றால் கொலாஜனிலோ பாலிமரிலோ நானோ துகள்களைக் கலந்து சட்டகமாகச் செய்கிறார்கள். எலும்பே அப்படித்தான் செய்திருக்கிறது: நொறுங்கும் கனிமம், வளையும் புரதம், இரண்டும் சேர்ந்தால் எளிதில் முறியாத பொருள். இங்கிலாந்தில் போன்ஃபீல்டின் குழுவினர் 1980-களில் பாலிஎத்திலீனுக்குள் ஹைட்ராக்சி அபடைட்டைக் கலந்து செய்த கூட்டுப் பொருள், நடுக்காதுச் சிற்றெலும்புகளுக்கு மாற்றாகப் பயன்பட்டது. அறுவை மேசையிலேயே கத்தியால் செதுக்கிப் பொருத்த முடிந்தது அதன் சிறப்பு.

செயற்கை மூட்டின் மேல் பூசும்போது கேள்வி தலைகீழாகிறது. இங்கே கரையக் கூடாது. அல்லது எலும்பு வந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை கரையக் கூடாது. 1985-ல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் ஹைட்ராக்சி அபடைட் பூசிய இடுப்பு மூட்டுத் தண்டைப் பொருத்தினார். அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் கேசிங்க் தொடங்கினார். சிமெண்டு இல்லாமல் எலும்பே உலோகத்தோடு இணைய இது வழி செய்தது. பூச்சை உண்டாக்கப் பொடியைப் பல ஆயிரம் டிகிரிச் சூடுள்ள பிளாஸ்மா சுடரின் வழியாக ஊதுகிறார்கள். அந்தச் சூட்டில் பொடியின் ஒரு பகுதி உருகிப் படிக ஒழுங்கை இழந்துவிடும். அந்தப் பகுதி விரைவில் கரையும். பூச்சு தடித்தால் உரிந்து விழும் அச்சமும் உண்டு. சூடில்லாத முறைகளில் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்கு நானோ படிகங்களைப் படிய வைக்கும் பூச்சுகள் இப்போது வந்திருக்கின்றன. உரிந்து விழ அவற்றில் பெரிதாக எதுவும் இல்லை.

பல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே கரைதல் அன்றாடம் நடக்கிறது. எனாமலின் எடையில் 96 சதவீதம் கனிமம். உடலிலேயே மிகக் கடினமான திசு. ஆனால் அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும்; எனாமல் போனால் போனதுதான். இனிப்பை உண்ட பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரக்கும்போது, பிஹெச் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அமிலத்தை நீக்கி, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து மீண்டும் படிய வைக்கிறது. ஒவ்வொரு முறை உண்ட பிறகும் இந்த இழுபறி நடக்கிறது. ஃப்ளூரைடு செய்வது, படிகத்தில் ஹைட்ராக்சிலின் இடத்தைப் பிடித்து, கரையத் தொடங்கும் எல்லையை 4.5 அளவுக்குத் தள்ளிவிடுவது. ஹைட்ராக்சி அபடைட் நானோ துகள்கள் செய்ய முயல்வது வேறு: கரைந்து போன நுண்துளைகளில் அதே கனிமத்தைக் கொண்டுபோய் வைப்பது, வாயில் அமிலம் ஏறும்போது பல்லுக்கு முன்னால் தாம் கரைந்து கால்சியத்தை விடுவிப்பது.

ஜப்பானில் 1980-ல் ஹைட்ராக்சி அபடைட் கலந்த பற்பசை விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்கம், எடையற்ற நிலையில் கனிமம் இழக்கும் விண்வெளி வீரர்களுக்காக நாசா செய்த ஆய்விலிருந்து பெற்ற காப்புரிமை. 1993-ல் அந்த நாட்டு அரசு அதைப் பற்சிதைவுத் தடுப்புப் பொருளாக அங்கீகரித்தது. பற்கூச்சத்துக்கு இது உதவுவதைப் புரிந்துகொள்வது எளிது. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஒன்று முதல் மூன்று மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய்கள் நரம்பை நோக்கிச் செல்கின்றன. ஈறு இறங்கி அவை திறந்துவிட்டால் குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைந்து வலி எழுகிறது. நானோ துகள்கள் அந்த வாய்களை அடைக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பற்பசைக்கு முன்னும் பின்னும் எடுத்த டென்டின் படங்களை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் படம் சல்லடை. இரண்டாவதில் பெரும்பாலான துளைகள் மணல் தூவி மூடியதுபோல் இருந்தன. ஓரிரண்டு மட்டும் பாதி திறந்து, விளிம்பில் துகள்கள் கொத்தாகத் தொங்கின. பற்சிதைவைத் தடுப்பதில் ஃப்ளூரைடுக்குக் குறையாத பலன் கிடைத்ததாகச் சில மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஃப்ளூரைடுக்குப் பின்னால் பல பத்தாண்டுகளின் சான்று இருக்கிறது. பற்சிதைவு மிகுந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செல்லுக்குள் நடப்பதற்கு வருவோம். 1973-ல் நெதர்லாந்தின் லைடனில் கிரகாமும் வான் டெர் எப்பும் ஓர் எளிய உத்தியை வெளியிட்டார்கள். டிஎன்ஏ-வைக் கால்சியம் குளோரைடோடு கலந்து, பாஸ்பேட் உள்ள கரைசலில் சொட்டினால் நுண்ணிய கால்சியம் பாஸ்பேட் வீழ்படிவு டிஎன்ஏ-வைப் பிடித்துக்கொண்டு உருவாகிறது. அதைச் செல்களின் மேல் ஊற்றினால் செல்கள் துகளை விழுங்குகின்றன, டிஎன்ஏ-வும் உள்ளே போகிறது. உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் 293 என்ற எண் கொண்ட மனிதச் சிறுநீரகச் செல் வரிசை இந்த முறையில்தான் உருவானது. அந்த எண் கிரகாமின் சோதனை வரிசை எண். இந்த முறையைக் கையால் செய்தவர்களுக்கு அதன் அருமையும் தெரியும், எரிச்சலும் தெரியும். கரைசலின் பிஹெச் 7.05-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சிறிதளவு ஏறினாலும் இறங்கினாலும் துகள்கள் பெருத்துவிடும் அல்லது தோன்றவே தோன்றாது. நன்றாக வந்தால் செல்களின் மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் நுண்ணோக்கியில் தெரியும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் அதே விடைதான். செல் விழுங்கிய துகள் ஒரு பைக்குள் அடைபடுகிறது. அந்தப் பை படிப்படியாக அமிலமாகி பிஹெச் 5-க்கு அருகில் வருகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பின் மேல் செய்வதை இங்கே ஒவ்வொரு செல்லும் தன் வயிற்றுக்குள் செய்கிறது. துகள் கரைகிறது, பைக்குள் அயனிகள் பெருகுகின்றன, நீர் உள்ளே பாய்கிறது, பை கிழிகிறது, சுமந்து வந்தது வெளியே வருகிறது. மிஞ்சுவது செல்லுக்குப் பழக்கமான கால்சியமும் பாஸ்பேட்டும். மரபணுவுக்குப் பதிலாக மருந்தை ஏற்றலாம். புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினை இந்தத் துகள்களில் ஏற்றி, புற்றுக் கட்டிகளின் சற்றே அமிலத்தன்மை கொண்ட சூழலில் விடுவிக்கும் ஆய்வுகள் ஏராளம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை செல் தட்டுகளிலும் எலிகளிலும் நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. நோயாளிக்கு உடனே பயன்படும் இடம், என் பார்வையில், எலும்புத் தொற்றுதான். ஆன்டிபயாடிக் கலந்த அக்ரிலிக் மணிகளை எலும்புக்குள் வைத்தால் அவற்றை எடுக்க இரண்டாவது அறுவை தேவைப்படும். கால்சியம் பாஸ்பேட் நிரப்பு மருந்தையும் கொடுத்துவிட்டுத் தானும் எலும்புக்கு வழிவிடுகிறது.

இரத்தத்தில் நேரடியாகச் செலுத்துவது மிகக் கடினம். நான் முப்பது நானோமீட்டர் என்று பெருமையாகச் சொன்ன பொடி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனித்தனித் துகள்களாகத் தெரிந்தது உண்மை. அதையே நீரில் கலக்கி ஒளிச்சிதறல் முறையில் அளந்தபோது 800 நானோமீட்டருக்கு மேல் காட்டியது. உலர்த்தும்போதே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிட்டன. இரத்தத்தின் உப்பில் இன்னும் கொத்தாகும். எலும்பு இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. 2010-ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலும்பின் படிகப் பரப்பில் சிட்ரேட் மூலக்கூறுகள் இறுக ஒட்டியிருப்பதையும், படிகம் தடிக்காமல் இருக்க அவை உதவுவதையும் காட்டினார்கள். அதைப் படித்த பிறகு நாங்களும் வீழ்படிவு உண்டாக்கும்போதே சிட்ரேட் சேர்த்தோம். பீக்கரின் அடியில் தயிர்போல் படிந்துகொண்டிருந்த பொருள், முதன்முறையாக அடியில் படியாமல், நீலம் கலந்த மங்கலான திரவமாக நாள் முழுவதும் நின்றது.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. ‘எலும்பில் இருப்பது, ஆகவே பாதுகாப்பானது’ என்ற வாசகத்தை விளம்பரங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதே கனிமம் தமனிச் சுவரில் படிந்தால் நோய்; மூட்டுகளில் படிந்தால் கடும் வலி; சிறுநீரகத்தில் கல் உருவாக அடித்தளமாக இருக்கும் ராண்டல் படிவும் அபடைட்தான். நம் இரத்தம் எப்போதும் இந்தக் கனிமம் படியக்கூடிய செறிவிலேயே ஓடுகிறது. ஃபெட்டூயின் போன்ற புரதங்கள் அதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. துகளின் வடிவமும் முக்கியம். ஊசி வடிவத் துகள்கள் உருண்டையானவற்றைவிட செல்களுக்கு அதிகத் தீங்கு செய்கின்றன என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. செல்லுக்குள் வேகமாகக் கரைந்தால் கால்சியம் திடீரென்று பெருகிச் செல்லையே கொன்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2023-ல் பற்பசையில் 10 சதவீதம் வரை இந்த நானோ துகள்களை ஏற்றபோது, நீளம் அகலத்தைப்போல் பெரும்பாலும் மூன்று மடங்குக்கு மிகாத குச்சி வடிவத்துக்கு மட்டுமே ஏற்றது. ஊசி வடிவத்தை அந்த ஒப்புதலில் சேர்க்கவில்லை. இப்படி வடிவத்தையும் எண்ணையும் சொல்லி எழுதும் அனுமதிதான் முறையானது.

அந்த மருத்துவரை அதன் பிறகும் சில முறை சந்தித்தேன். கரைதல் அளவீடுகளை முடித்து, பிஹெச் 7.4-இலும் 4.5-இலும் வெளியான கால்சியத்தின் வரைபடங்களை எடுத்துக்கொண்டு போனபோது, அவர் தம் கணினியில் ஓர் எக்ஸ்ரே படத்தைத் திறந்து காட்டினார். வேறொரு கால்சியம் பாஸ்பேட் நிரப்பு வைத்துப் பதினெட்டு மாதம் ஆன முழங்கால் எலும்பு. பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டிருந்தன. “இதில் எது எலும்பு, எது நிரப்பு, சொல்லுங்கள் தம்பி” என்றார். இரண்டிலும் இருப்பது கால்சியம் பாஸ்பேட் என்பதால் இரண்டும் வெள்ளையாகவே தெரிந்தன. நான் திரைக்கு அருகே குனிந்து பார்த்தேன். பள்ளத்தின் ஒரு பக்கம் மணிகளின் விளிம்புகள் இன்னும் தனித்தனியாகத் தெரிந்தன. மறுபக்கம் அந்த விளிம்புகள் மங்கி, எலும்பின் மெல்லிய குறுக்குக் கோடுகள் ஊடே ஓடத் தொடங்கியிருந்தன. அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்தேன். அவர் தலையசைத்துவிட்டு, என் வரைபடங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.